ஐம்பத்திரண்டாம் கேள்வி

கடற்கரைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் காகிதத்தோடு படும் பாடு தெரியும். உப்புக் காற்றில் நமுத்துப்போய், பேனாவை வைத்தவுடன் மை பரவிவிடும். அதனால் என் மாணவர்களைப் பென்சிலால்தான் எழுதச் சொல்வேன். நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் தாளும் நமுத்துத்தான் இருக்கிறது. பரவாயில்லை, மெதுவாக எழுதுகிறேன். உங்களுக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

நீங்கள் பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் பூட்டிலிருந்து ஆரம்பித்தால் என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் அதிலிருக்கும் நியாயம் விளங்கும்.

என் பெயர் தெய்வநாயகம். வயது நாற்பத்தாறு. பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதுவதுதான் இனிமேல் சரி. ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் எங்கள் கல்லூரியின் வெள்ளைக்கார ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். ஐம்பத்தேழில் முசியே கர்னியே புறப்பட்டார். அவருடைய நாற்காலி, அலமாரி, இரண்டு டஜன் புத்தகங்கள், கூடவே மனோதத்துவம், எல்லாமாகச் சேர்ந்து என் தலையில் விழுந்தன. நான் படித்தது பிரெஞ்சு லிசே என்ற உயர்நிலைப் பள்ளியில், அதற்குமேல் பட்டம் கிடையாது. ஆனாலும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். வேண்டுமானால் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

போன வருடம், அறுபதாம் ஆண்டு ஜூனில், ஒரு சுற்றறிக்கை வந்தது. அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாத ஆசிரியர்கள் ஒரு வருடத்துக்குள் அதைப் பெற்றாக வேண்டும். பெறாதவர்கள் ஆரம்பப் பள்ளிக்கு மாற்றப்படுவார்கள். எனக்குக் காரைக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைக்கூடப் போட்டுவைத்திருந்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் நான் தெருவில் நடந்துபோனால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். கல்லூரிப் பேராசிரியர் என்ற அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் என்னிடம் மீதி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் என் மனைவி செல்வாம்பாள், "சோப்பு கண்ணுல பட்டுடுச்சாங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

முசியே கர்னியேவுக்கு எழுதினேன். நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். இருநூறு பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து அனுப்பினால், அவருடைய பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. சென்னையிலிருந்து ஒரு பரீட்சாதிகாரி நேரில் வந்து விடைத்தாள்களைப் பார்ப்பார். என்னோடு உட்கார்ந்து மதிப்பெண்களைக் கூட்டியவர் யாரோ, அவரோடும் பேசுவார். கூட்டியவர், தான் எண்ணியது சரி என்று அவர் முன்னால் கையெழுத்துப் போடவேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் ஆவல். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள மனிதனுக்குள் இருக்கும் ஆசை ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று அளப்பது. அறுபது வாக்கியங்கள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் ஒரு மதிப்பெண். "வீட்டைவிட்டு ஒருவர் கிளம்பினால் எங்கே போகிறார் என்று கேட்பேன்." "தெருவில் புது ஆளைக் கண்டால் யார் என்று விசாரிப்பேன்." இப்படிப் போகும். மாணவர்களுக்குக் கொடுக்கும் முன்னால் நானே ஒரு தாளை நிரப்பிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வந்தது. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனால் நம் ஊரை நான் மறந்துபோனேன். பிரெஞ்சுக்காரர்களோடு இந்தியாவுக்கு ஒப்பந்தம் ஆன நாளிலிருந்து, கட்டம் போட்ட எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் இங்கே எல்லோருக்கும் ஒரே சந்தேகம். பிரெஞ்சுக் குடிமகனா, இந்தியக் குடிமகனா என்று இரகசியமாகக் கணக்கெடுக்கிறார்களோ என்று. என்னுடைய முப்பத்தேழாவது வாக்கியம், "கடல் கடந்த நாடுகளைப் பார்க்க விரும்புகிறேன்." அவ்வளவுதான், கதை முடிந்தது. ஆம் போட்டால் பிரான்சுக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லை போட்டால் தாத்தாவின் பிரெஞ்சுப் பென்ஷன் நின்றுவிடும் என்று வகுப்பில் பேச்சுக் கிளம்பிவிட்டது. ஒரு மாணவன் வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்து, "எங்கப்பா இதுல எதுலயும் கோடு போடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு சார்" என்றான். கெஞ்சினேன், மிரட்டினேன், வீடு வீடாகக்கூடப் போனேன். டிசம்பர் பாதியில் என் கையில் இருந்தவை அறுபத்தோரு தாள்கள். அவற்றிலும் முப்பத்தேழாவது கட்டம் காலியாக இருந்தது.

மீதி நூற்று முப்பத்தொன்பது தாள்களை நானே நிரப்பினேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உண்மையில் அது கஷ்டமான வேலை. ஒவ்வொரு தாளுக்கும் மனசுக்குள் ஓர் ஆளை உண்டாக்கி, அவன் எப்படி நினைப்பான் என்று பார்த்து, பென்சிலை மாற்றி, கையை மாற்றிக் குறித்தேன். பயந்தவன், துடுக்கானவன், அம்மாவுக்கு ஒரே பிள்ளை, முன்சீப் வீட்டு மருமகனாகப் போகிறவன். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்த இரண்டு வாரத்தில் நூற்று முப்பத்தொன்பது பேரைப் பெற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை மாணவர்களைவிட அவர்கள் தெளிவாகப் பதில் சொன்னார்கள்.

இனி, தாள்களைக் கூட்ட ஓர் ஆள் வேண்டும். ஏன், எதற்கு என்று துருவாத ஆளாக இருக்கவேண்டும். அப்படிப்பட்டவனைக் கண்டுபிடிக்கத்தானே என்னிடம் ஒரு கருவி இருக்கிறது என்று தோன்றியது. அறுபத்தோரு தாள்களில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவனைத் தேடினேன். ஒன்பது. அவன்தான் சுப்பராயன். மூன்றாம் வருடம் படித்தான். வீராம்பட்டினத்துப் பிள்ளை, அப்பா கடலில் போனவர், அம்மா வீராயி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். தினமும் தோணியில் ஆற்றைக் கடந்து நடந்து வருவான். பழைய மாணவர்கள் என்னை முசியே என்பார்கள், புதியவர்கள் சார் என்பார்கள். அவன் மட்டும் ஐயா என்பான்.

ஜனவரி முழுக்க என் அறையில் உட்கார்ந்து கூட்டினான். ஒரு கேள்வி கேட்கவேண்டுமே, கிடையாது. கட்டை அவிழ்ப்பான், எண்ணுவான், எழுதுவான், கட்டுவான். என் கருவி எவ்வளவு துல்லியமானது என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்த ஒரு மாதம்தான் நான் சரியாகத் தூங்கினேன்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள், மத்தியான வகுப்பு முடிந்து வந்தபோது, மேஜைமேல் தாள்கள் இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சுப்பராயன் எழுந்து நின்றான்.

"ஐயா, ஒன்னு சொல்லட்டுங்களா? இது பசங்க போட்டது. இது நீங்க போட்டது."

நான் கதவைச் சாத்தினேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"முப்பத்தேழுங்கய்யா. பசங்க அத்தினி பேரும் அத உட்டுட்டாங்க. இந்தக் கட்டுல ஒருத்தன் கூட உடல."

"எப்போ கண்டுபிடிச்சே?"

"ரெண்டாம் நாளே தெரிஞ்சிச்சுங்க."

"ஒரு மாசமா ஏன் ஒன்னும் கேக்கல?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? பாத்தாலே தெரியுதே."

அவன் குரலில் குத்தலும் இல்லை, பயமும் இல்லை. நான் உட்கார்ந்துகொண்டு, ஏதாவது பேசவேண்டுமே என்பதற்காக, ஆவலில் உனக்கு ஒன்பதுதான் வந்திருக்கிறது, தெரியுமா என்றேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எங்கூர்ல யாருக்குக் குடுத்தாலும் அவ்ளோதாங்க வரும். கடலுக்குக் கெளம்பறவங்கள எங்க போறன்னு கேக்கவே கூடாது. கேட்டுட்டா திரும்பிடணும். வூட்டுக்கு வந்து, ஒக்காந்து, தண்ணி குடிச்சிட்டு, அப்பறந்தான் போவணும். பாதி நாளு போவவே மாட்டாங்க. நானும் அப்படித்தான். காலேஜுக்கு வர்றப்ப யாராச்சும் எங்கடான்னுட்டா திரும்பிடுவேன். அதாங்க சில நாளு லேட்டாவுது."

நம் வீடுகளிலும் உண்டுதான். எங்கே என்று கேட்காமல், தூரமா என்று கேட்போம். வாக்கியங்களை எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் எழுதியிருந்தேன்.

"அப்போ யார் எங்கே போனாங்கன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்குவீங்க?"

"பாப்போம். எந்த வலைய எடுக்கறாங்கன்னு பாத்தா எங்க போறாங்கன்னு தெரிஞ்சுடும். எவ்ளோ குடிதண்ணி எடுக்கறாங்கன்னு பாத்தா எப்ப வருவாங்கன்னு தெரிஞ்சுடும். எங்கம்மால்லாம் ஒரு வார்த்த கேக்காம ஊரே என்னா பண்ணுதுன்னு சொல்லிடுவாங்க. தெரிஞ்சுக்கற ஆச இல்லாம இல்லீங்க. வாயத் தொறந்து கேக்கறது இல்ல, அவ்ளோதான்."

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது நல்ல யோசனை. "இதையே எழுதலாமேங்கய்யா. பசங்க ஏன் முப்பத்தேழ உட்டாங்க, நாங்க ஏன் மத்ததுக்கெல்லாம் இல்லன்னு போட்டோம்னு. குப்பத்துப் பசங்க காலேஜ்ல பத்துப் பேரு இருக்கோம். நா கூட்டிட்டு வர்றேன். அந்தப் பெரிய கட்டு மட்டும் வேணாங்க. அதுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது."

அது நல்ல யோசனை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக முசியே கர்னியேவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றாதது, ஒன்பது மதிப்பெண் எடுத்தவனுக்குத் தோன்றியிருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. மேலும் காலமும் இல்லை. பரீட்சாதிகாரி மாசி மகம் கழிந்து வரும் திங்கட்கிழமை வருவதாகத் தந்தி வந்திருந்தது. ஆய்வின் சுருக்கத்தை முசியே கர்னியேவுக்கு முன்பே அனுப்பியாகிவிட்டது.

"சென்னையிலேருந்து வர்றவர் உன்னைக் கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன்.

"கேட்டா சொல்லித்தான ஆவணும். கேக்காட்டி நா ஏங்கய்யா சொல்றேன்?" வாசல்வரை போய்த் திரும்பினான். "அந்த அறுபத்தோரு தாள மட்டும் கிழிச்சிப் போட்டுடாதீங்க. பயந்துகிட்டே போட்டாலும் நெசமாப் போட்டது."

அடுத்த பத்து நாள் நான் எப்படி இருந்தேன் என்று செல்வாம்பாள் சொல்லுவாள். சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் கடைக்காரர் எழுந்து நின்றால், இன்னும் எத்தனை நாளைக்கு என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். காரைக்கால் பள்ளிக்கூடத்தின் மணல் தரையும், என் எதிரே மூக்கு ஒழுகும் பிள்ளைகளும், பகலிலேயே கண்முன் வந்தார்கள். பரீட்சாதிகாரி கேட்பார், அவன் சொல்லுவான். வேறு எந்த வழியில் யோசித்தாலும் அங்கேதான் வந்து நின்றது.

இப்போது அந்தப் பின்கட்டு அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது நீங்கள் பார்த்த அறைதான். பழைய பிரெஞ்சு வீட்டைத்தான் கல்லூரியாக்கியிருக்கிறார்கள். மழைத் தண்ணீரைச் சேர்த்துவைக்க அந்த அறையின் தரைக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி கட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆள் ஆழம் இருக்கும், சுண்ணாம்பு பூசி வழவழவென்று இருக்கும். வாயைப் பலகைகளால் மூடி வைத்திருப்பார்கள். அதன்மேல் யாரும் நடப்பதில்லை என்றாலும், பலகைகள் உறுதியானவைதான். அறைச் சாவி இரண்டு. ஒன்று காவலாளி இராமதாஸிடம், ஒன்று என்னிடம்.

மாசி மகத்துக்கு மூன்று நாள் முன்னால் சுப்பராயனைக் கூப்பிட்டு, அறுபத்தோரு தாள்களையும் பின்கட்டு அறையில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்றேன். திருவிழா விடுமுறை முடிந்ததும் எரித்துவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். "அந்த அறைக்குள்ள யாரும் போகக்கூடாது. நீயும்தான்" என்றேன். சரிங்கய்யா என்றான்.

இதைக் கவனிக்கவேண்டும். நான் அவனைப் போகச் சொல்லவில்லை. போகக்கூடாது என்று தெளிவாகத் தமிழில் சொன்னேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, பலகைகளில் இரண்டை எடுத்துச் சுவரோரம் சாத்தினேன். ஈரத்தில் உளுத்துவிடக்கூடாதே என்று காயவைத்தேன். தண்ணீரில் தூசி விழாமல் இருக்க, திறந்த இடத்தின்மேல் ஒரு கோணியை விரித்தேன். தகரப் பெட்டியை எதிர்ச்சுவரின் ஓரம் வைத்தேன். ஜன்னல்கள் எப்போதும் மூடியேதான் இருக்கும். பூட்டைப் பூட்டாமல் கொண்டியில் தொங்கவிட்டேன். பெட்டி காலிதான். தாள்கள் என் மேஜை இழுப்பறையில் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அவற்றை நான் எரிக்கவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். என்னுடைய கருவிப்படி அவனுக்கு ஒன்பது. ஒன்பது எடுத்தவன், போகக்கூடாது என்று சொன்ன அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். கருவி சரியாக இருந்தால் அவனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. என் ஆய்வு உண்மையா பொய்யா என்று அதைவிடச் சுத்தமாகச் சோதிக்க வழியே இல்லை என்று அப்போது நம்பினேன்.

மாசி மகத்தன்று காலையில் ஊரே வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய்விட்டது. சாமிகள் ஒவ்வொன்றாகத் தீர்த்தவாரிக்கு இறங்கும் நாள். இராமதாஸையும் நான்தான் போய்வரச் சொன்னேன். பக்கத்து அறையில் அவரை உட்காரவைத்திருக்கிறீர்கள், தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

பத்து மணி இருக்கும். என் அறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சராசரிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். சுப்பராயன் நடையில் வந்தான். திருவிழாவுக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக்கூடக் கலையவில்லை. என்னை அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு நிமிடம் நின்றான். கும்பிட்டான். நானும் தலையசைத்தேன். பிறகு பின்கட்டுப் பக்கம் நடந்தான்.

எங்கே போறே என்று கேட்டிருந்தால் திரும்பியிருப்பான். அது எனக்குத் தெரியும். அவனே சொல்லியிருக்கிறான். வீராம்பட்டினம்வரை போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைக்கு வராமலே இருந்திருப்பான். இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அவன் நின்றானோ என்று இப்போது சில சமயம் தோன்றுகிறது. நான் கேட்கவில்லை. கிளம்புகிறவர்களைக் கேட்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதை மதிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சத்தம்தான். அப்புறம் "ஐயா" என்று கூப்பிட்டான்.

அவன் கடலில் வளர்ந்தவன். இது எனக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும். நீந்தத் தெரியாதவனாக இருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். முதலில் அடுத்தடுத்துக் கூப்பிட்டான். பிறகு மூச்சை வீணாக்கக்கூடாது என்று புரிந்துகொண்டான் போலிருக்கிறது, நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. யார் இப்படிச் செய்தது என்றோ, ஏன் வரவில்லை என்றோ கேட்கவில்லை. நான் அறையில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தானே போனான். கடற்கரையிலிருந்து மேளமும் அதிர்வேட்டும் கேட்டுக்கொண்டே இருந்தன. கூட்டும்போது இடைஞ்சலாக இருந்ததால் கதவைச் சாத்தினேன். பன்னிரண்டரைக்குச் செல்வாம்பாள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். பத்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. மூன்றரை மணிக்கு எல்லாம் அமைதியாகிவிட்டது. அன்றைக்கு நான் போட்ட கணக்குகளைப் பிறகு சரிபார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை.

பின்னால் போய்க் கோணியைக் காணாததைப் பார்த்தேன். பலகைகளை எடுத்த இடத்திலேயே வைத்தேன். வெளியே வந்து பூட்டினேன். பூட்டியது பழக்க தோஷம். வெளியே பூட்டியிருந்தால் அவன் தானாக விழுந்தான் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். பிறகு கடற்கரைக்குப் போனேன். சாமிகள் திரும்பிக்கொண்டிருந்தன. செல்வாம்பாள் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "இவ்ளோ நேரம் எங்க போயிருந்தீங்க?" என்றாள். கல்லூரிக்கு என்றேன். ராட்டினத்தில் ஏறவேண்டும் என்றாள், ஏறினோம்.

திருவிழாக் கூட்டத்தில் கடலில் இறங்கியவனை அலை கொண்டுபோயிருக்கும் என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். வீராம்பட்டினத்துக்காரர்கள் கட்டுமரம் போட்டுத் தேடினார்கள், ஆனால் நம்பவில்லை. கடல் கொண்டுபோனவனை எந்தக் கரையில் ஒதுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அங்கே அவன் இல்லை.

திங்கட்கிழமை பரீட்சாதிகாரி வந்தார். கூட்டிய மாணவனைக் காணவில்லை, அலையில் போயிருக்கலாம் என்றேன். அடடா என்றார். இளநீர் குடித்தார். தாள்களின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை விசிறிப் பார்த்தார். பெரிய மார்க்கெட்டில் நல்ல கருவாடு எந்தப் பக்கம் கிடைக்கும் என்று விசாரித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்விகூட, அவர் கேட்கவில்லை. சுப்பராயன் அங்கே உட்கார்ந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்.

அந்த வாரம் முழுக்க வீராயி கல்லூரி வாசலில் வந்து நின்றாள். மீன் கூடையை மதில் ஓரம் வைத்துவிட்டு, காலையிலிருந்து மணி அடிக்கும்வரை நிற்பாள். முதல்வர் கூப்பிட்டு என்ன வேண்டும் என்றார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒரு நாள் அவளிடம் போய், "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றேன்.

"இல்லீங்க" என்றாள். "போனவன எங்கன்னு கேட்டா வர்ற வழி அடைஞ்சிடுங்க. நா சும்மா பாத்துக்கினு நிக்கறேன்."

பார்த்துக்கொண்டுதான் நின்றாள். யார் எந்தப் பக்கம் போகிறார்கள், எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று. வெயில் ஏற ஏறப் பின்கட்டில் வாடை வர ஆரம்பித்தது. பெருச்சாளி செத்திருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இராமதாஸிடம் சொல்லி, பினாயில் டப்பாவை நானே எடுத்துப் போனேன். இரண்டு நாள் போனேன். இரண்டாம் நாள், வீராயி கூடையை அங்கேயே விட்டுவிட்டு, யாரையும் ஒன்றும் கேட்காமல் நடை வழியாக நேராக நடந்து வந்து, பூட்டிய கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கவில்லை. சாவி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் முதல் நாளே என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன் அல்லவா? இந்த ஊரில் யாருமே எதையும் கேட்பதில்லை. அதில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

முந்தாநாள் முசியே கர்னியேவின் கடிதம் வந்தது. சுருக்கத்தையும் பரீட்சாதிகாரியின் தந்தியையும் வைத்தே ஆய்வு ஏற்கப்பட்டுவிட்டது, பட்டம் ஜூனுக்குள் வந்துவிடும், வாழ்த்துகள் என்று எழுதியிருக்கிறார். கடைசியில் தம் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார். எல்லாம் மிக ஒழுங்காக இருக்கிறது, இருநூறு பேரில் ஒருவன்கூட உங்களை ஆச்சரியப்படுத்தவில்லையா என்று. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

என் மேஜை இழுப்பறையில், அறுபத்தோரு தாள்களுக்குக் கீழே, நான் முதலில் நிரப்பிய தாளும் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கலாம், மறைக்க ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டாவது வாக்கியம், "மூடிய கதவுக்குப் பின்னால் யாராவது கூப்பிடும் சத்தம் கேட்டால், எழுந்துபோய்ப் பார்ப்பேன்." ஆம் என்று குறித்திருக்கிறேன். நேற்று மறுபடியும் யோசித்துப் பார்த்தேன். அதை மாற்றவேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.